கோணல் இருந்தால்தான் கைவேலையா?

கையால் செய்த பொருள் என்றாலே கொஞ்சம் கரடுமுரடாக, கோணல்மாணலாக இருக்க வேண்டும், அதுதான் அசல் என்று எல்லோரும் பேசுகிறார்கள். இயந்திரம் வருவதற்கு முன்பு வாழ்ந்த தட்டான் யாராவது இதைக் கேட்டால் சிரித்திருப்பார். வெள்ளிக் கிண்ணத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்துவிட்டு, அப்புறம் அந்தத் தட்டின தடம் தெரியாமல் இழைத்து மெருகேற்றத்தான் அவர் அத்தனை பாடுபட்டார். தடம் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஆலைகள் வந்து அதே வழவழப்பை மலிவாக அச்சடித்துத் தள்ள ஆரம்பித்த பிறகுதான் சுத்தியல் தடத்துக்கு மவுசு வந்தது.

1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் தொழிற்சாலைச் சரக்கு மலைபோல் குவிந்திருந்தது, எதைப் பார்த்தாலும் அலங்காரம். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் முக்கியமானவர். அவரைக் கைவேலையின் காவலராக மட்டும் பார்க்கிறோம், ஆனால் 1853இல் வெனிஸ் கட்டடங்களைப் பற்றி எழுதும்போது அவர் திட்டியது கையால் செய்த ஒரு பொருளை: கண்ணாடி மணி. நீளமாக இழுத்த கண்ணாடிக் கம்பியைச் சின்னச் சின்னத் துண்டாக நாள் முழுக்க வெட்டுகிறவர்கள், நடுங்கிக்கொண்டே இருக்கும் அவர்கள் கைகள், ஆலங்கட்டி மழைபோல் விழும் மணிகள். இதை வாங்காதீர்கள் என்றார். முழுக்கக் கைவேலைதான், ஆனால் செய்பவரின் புத்திக்கு அதில் வேலையே இல்லை. அவர் கேட்ட கேள்வி பொருளைப் பற்றியதே அல்ல, அதைச் செய்கிற மனிதரைப் பற்றியது.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். லண்டனுக்குப் பக்கத்தில் மெர்டன் அபேயில் 1881இல் பட்டறை போட்டு, துணி முழுவதையும் அவுரிச் சாயத்தில் முக்கி, வேண்டாத இடத்து நீலத்தை மரக்கட்டை அச்சால் வெளுக்க வைத்து, அப்புறம் வேறு கட்டைகளால் சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விலையைப் பார்த்தால் பணக்காரர்கள்தான் வாங்க முடியும், சோஷலிஸ்டான மோரிஸுக்கே அது உறுத்தியது. எனக்கு உறுத்துவது வேறு. கட்டையை அழுத்தியவர் மோரிஸ் வரைந்ததை அப்படியே அழுத்தினார், அவ்வளவுதான். கண்ணாடி மணி வெட்டியவரிடமிருந்து அவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்?

அதே காலத்தில் மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி, ஆறே மரத்துண்டுகளும் கொஞ்சம் திருகாணிகளுமாக 1859 முதல் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகக் காபிக்கடைகளில் சாமானியர்கள் உட்கார்ந்தது அதில்தான்.

மோரிஸ் வழியில் வந்த ஆங்கில வடிவமைப்பாளர் சார்லஸ் ஆஷ்பீ கதைதான் பரிதாபம். 1888இல் கிழக்கு லண்டனில் கைவினைஞர் சங்கம் தொடங்கி, 1902இல் கைவினைஞர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு சிப்பிங் கேம்ப்டன் என்ற சின்ன ஊருக்கே போனார், ஆறு வருஷத்துக்குள் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. காரணங்கள் பல. அதில் ஒன்று, சுத்தியல் தடத்தோடு சேர்த்தே வெள்ளிச் சாமான்களை மற்றவர்கள் இயந்திரத்தில் அச்சடித்து மலிவாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். தடம்தானே வேண்டும், இந்தா பிடி! பிற்பாடு ஆஷ்பீயே இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார். 1919இல் கைத்தொழிலுக்குத் திரும்புவோம் என்று கிளம்பிய ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸும் 1923க்குள் கலையும் தொழில்நுட்பமும் ஒன்று என்று பேச ஆரம்பித்துவிட்டது.

ஆக, அன்றைக்கு நகலெடுத்த அதே தடத்தைத்தான் இன்றும் காசு கொடுத்து வாங்குகிறோம். ‘ஹேண்ட்மேட்’ என்று ஒட்டியிருக்கும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், செய்தவருக்கு என்ன கூலி, ஒரு நாளில் அதையே எத்தனை தடவை செய்தார், டிசைனில் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடாவது மாற்ற அவருக்கு உரிமை இருந்ததா என்று ஒரு வரி இருக்காது.