கம்பெனி போனா வியாபாரம், டீம் போனா துரோகமா?

அந்த மீமை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அமெரிக்க நாஸ்கார் கார் ரேஸ் ஓட்டுநர் ஜிம்மி ஜான்சனுக்குக் கரைவேட்டி கட்டிவிட்டு, ஒரு பக்கம் ஷெவி (செவ்ரோலே) கரை, மறுபக்கம் டொயோட்டா கரை. மேலே "கட்சி மாறி". நல்லாத்தான் இருந்தது, நானும் சிரிச்சேன். கீழே என்னை டேக் பண்ணி "இவரும் இதே கேஸ்தானே"ன்னு ஒருத்தர் எழுத, அதுக்கு விழுந்த ஹாஹாக்களைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு போச்சு. அதனால இந்தப் பதிவு நீளமாத்தான் வரும்.

ஏழு சாம்பியன்ஷிப்பையும் ஷெவியில் ஜெயிச்சவர், தன் லெகசி மோட்டார் கிளப் டீமை 2024-ல் டொயோட்டாவுக்குக் கொண்டுபோனது துரோகமாம். எது துரோகம்? நாஸ்காரோட மேல்மட்டப் போட்டியான கப்பில் 2022-ல இருந்து சேசிஸ் (காரோட அடிச்சட்டம்), கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாம் எல்லா டீமுக்கும் ஒரே சப்ளையர்கிட்ட இருந்துதான் வருது. கார் கம்பெனிக்குக் கம்பெனி மாறுறது இன்ஜினும் பாடி வடிவமும். அதைவிட முக்கியம், பின்னாடி நிக்கிற சிமுலேட்டர், டேட்டா, இன்ஜினியருங்க. சின்ன டீமுக்கு இன்ஜின்கூடச் சொந்தமில்லை. வாடகைக்கு வரும், ரேஸ் முடிஞ்சதும் சப்ளையர்கிட்டயே திரும்பிப் போயிடும். ஷெவியில் ஹென்ட்ரிக், சைல்ட்ரஸ்னு பெரிய டீமுங்க உட்கார்ந்த பிறகு பந்தியில் கடைசி இலைக்கு என்ன வந்து சேரும்னு நினைக்கிறீங்க? எழுந்து வேற பந்திக்குப் போறவனைப் பார்த்து "சோத்துக்கு அலையறான்"னு சொல்றது முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சுலபம்.

அப்போ ஷெவி ஓட்டின இன்னொரு டீம் முதலாளி ஜோ கிப்ஸும் இதைத்தான் பண்ணினார். 2007-ல் நடந்த 36 ரேஸில் 18-ஐ ஹென்ட்ரிக் டீம் மட்டுமே ஜெயிச்சது. கிப்ஸ் எவ்வளவு நல்லா ஓட்டினாலும் ஷெவியோட தாய் கம்பெனி ஜிஎம்முக்கு முதல் பிள்ளை ஹென்ட்ரிக்தான். அவர் டொயோட்டாவுக்குப் போனார். 2008-ன் நாலாவது ரேஸிலேயே, அட்லாண்டாவில், கைல் புஷ் டொயோட்டாவுக்கு முதல் கப் வெற்றியை வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷத்தோட கிப்ஸை விட்டுட்டு ஷெவிக்குத் திரும்பினார், கிப்ஸோட இன்னொரு ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட். அதே ஸ்டூவர்ட் 2017-ல் தன் சொந்த டீமோட ஃபோர்டுக்கு மாறினார். மாறின முதல் ரேஸே நாஸ்காரோட பெரிய ரேஸான டேட்டோனா 500. குர்ட் புஷ் அதை ஜெயிச்சுக் கொடுத்தார். அன்னிக்கு யார் வேட்டிக் கரையை யார் பார்த்தீங்க?

லெகசி டீம் ஓட்டுற 43-ஆம் நம்பர், பழைய ஜாம்பவான் ரிச்சர்ட் பெட்டியோட நம்பர். "43-ஆம் நம்பர் காருக்குன்னு ஒரு மானம் இருக்கு, அது பெட்டி குடும்பத்தோடது"ன்னு ஒரு கமெண்ட். ஐயா, அந்த ரிச்சர்ட் பெட்டியே 1969-ல் பிளைமவுத்தை விட்டு ஃபோர்டு ஓட்டினவர். வேகமான கார் கேட்டார், பிளைமவுத் கொடுக்கலை, கிளம்பிட்டார். அடுத்த வருஷமே சூப்பர்பேர்டுங்கிற வேகமான காரைக் கொடுத்துத்தான் அவரைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அப்புறம் 1978 சீசன் நடுவிலேயே டாட்ஜை விட்டு ஷெவி. டேட்டோனா 500-ஐ 1979-ல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெயிச்சார், 1981-ல் பியூயிக்கில். இருநூறாவது வெற்றி 1984-ல் பாண்டியாக்கில். இவரை 'கிங்'னு கும்பிடுவீங்க, ஜான்சன் மட்டும் கட்சி மாறி.

திரும்பவும் சொல்றேன், கார் கம்பெனி போனா வியாபாரம், டீம் போனா துரோகம்னு பேசாதீங்க. பாண்டியாக் 2003-ஓட நாஸ்காரை விட்டுப் போச்சு. டாட்ஜ் 2012-ஓட போச்சு, அதுவும் பென்ஸ்கே டீமோட ஓட்டுநர் பிராட் கெசலோவ்ஸ்கி அவங்களுக்கு சாம்பியன்ஷிப் ஜெயிச்சுக் கொடுத்த அதே வருஷம். உடனே ஒருத்தர் வருவார்: "பென்ஸ்கேதானே முதல்ல ஃபோர்டுக்குப் போறேன்னார், டாட்ஜ் என்ன பண்ணும்?" சரி, தேதிப்படி அது உண்மைதான். ஆனா 2009-ல் டாட்ஜோட தாய் கம்பெனி கிறைஸ்லர் திவாலானதுக்கு அப்புறம், கப் தரத்தில் அவங்களோட கடைசி வரை நின்ன பெரிய டீம் அவரோடதுதான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

"ஃபர்னிச்சர் ரோ டீம் டொயோட்டாவுக்குப் போய் என்ன ஆச்சு, கடையை மூடலையா?" மூடினாங்க, 2018-ஓட. ஸ்பான்சர் போயிட்டார், வேற ஆள் கிடைக்கலை. அதுக்கு முன்னாடி 2016 கோகோ கோலா 600-ல் 400 சுற்றில் 392 சுற்று அவங்க ஓட்டுநர் மார்ட்டின் ட்ரூயக்ஸ் முன்னாடி ஓட்டினதும், 2017-ல் சாம்பியன் ஆனதும் எங்க போச்சு? டென்வரில் ஒத்தையா உட்கார்ந்திருந்த டீம் அது. மாறாமலே இருந்திருந்தா என்ன கிழிச்சிருக்கும்?

அப்புறம் அந்த "ஜப்பான் கார்" வாதம். இதுக்குப் பதிலே எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். டொயோட்டாவோட கேம்ரி அமெரிக்காவில், கென்டக்கியில் தயாராகுது. 2013-ல இருந்து 2017 வரைக்கும் "நம்ம அமெரிக்கன் ஷெவி"ன்னு கத்தினீங்களே, அந்த எஸ்எஸ் மாடல் ஆஸ்திரேலியாவில் இருந்து கப்பல்ல வந்தது. ஃபோர்டு ஃப்யூஷன் மெக்சிகோவில் இருந்து. இந்த வாதத்தை டைப் பண்ணின நண்பர் வீட்டு வாசலில் நிக்கிறது ஹோண்டா ஒடிசி.

என்னை ஏன் டேக் பண்ணினாங்கன்னு தெரியும். போன வருஷம் கம்பெனி மாறினேன். "வளர்த்து விட்ட இடத்தை விட்டுட்டுப் போறியே"ன்னு அப்பவும் கேட்டாங்க. எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினவர். பக்கத்து ஷெட்டில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகலை. முதலாளி கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாராம், அதுக்காக. ஒரு திங்கக்கிழமை காலையில் போனா கேட்டில் பூட்டு, பக்கத்துல நோட்டீஸ். அப்பா கண்ணாடி எடுத்துட்டுப் போகலை. வாட்ச்மேன்தான் படிச்சுக் காட்டியிருக்கார். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்து வச்சார். அந்த முதலாளியை இன்னிக்கு வரைக்கும் எங்க தெருவில் ஒருத்தரும் துரோகின்னு சொன்னதில்லை. "பாவம், நஷ்டம்"னாங்க. மறு வருஷமே அவர் வேற ஊரில் வேற பேரில் ஆரம்பிச்சுட்டார்.

ரேஸ் பத்திப் பேச வந்துட்டு எங்கேயோ போறேன், தெரியுது. போகட்டும்.

"மாறி என்ன சாதிச்சாங்க, 2024-ல் லெகசி ஒரு ரேஸ்கூட ஜெயிக்கலையே?" ஜெயிக்கலைதான். மாறினா ஜெயிப்பாங்கன்னு நான் எங்கே சொன்னேன்? 2025 டேட்டோனா 500-ல் ஜான்சன் அந்த டொயோட்டாவிலேயே மூணாவது வந்தார், கிட்டத்தட்ட ஐம்பது வயசில். அதுக்கு ஒரு மீமும் வரலை.

கடைசியா, விசுவாசத்துக்கு உதாரணம்னு நீங்க எல்லாரும் காட்டுற ரிக் ஹென்ட்ரிக். 1984-ல இருந்து ஷெவியை விட்டு அசையலை, ஒத்துக்கறேன். முதல் இலை போட்டா யார்தான் எழுந்திருப்பாங்க? அவரோட கார் டீலர்ஷிப்களில் டொயோட்டாவும் விக்கிறாங்க, ஹோண்டாவும் விக்கிறாங்க. நண்பரே, அந்த ஒடிசி பில்லை ஒருதரம் எடுத்துப் பாருங்க, மேலே யார் பேர் போட்டிருக்குன்னு.