வளருற பிள்ளைக்குப் பெரிய கிளவுஸ் வாங்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவனும் சிறு வயதில் அளவான சப்பாத்துப் போட்டிருக்க மாட்டான். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும் முன் அம்மா கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். பெருவிரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அமத்திப் பார்ப்பார். "வளருற பிள்ளை" என்று சொல்லி அடுத்த அளவை எடுப்பார். முதல் வருசம் முனையில் பஞ்சு, இரண்டாம் வருசம் சரியாக இருக்கும், மூன்றாம் வருசம் தம்பிக்கு. காற்சட்டைக்கும் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கில் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானும் பஞ்சு அடைத்த சப்பாத்தோடு ஓடியவன்தான். ஆனால் பேஸ்போல் கிளவுஸுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரு வருசமாகப் பட்டு அறிந்ததை எழுதுகிறேன்.

"பேஸ்போலா? யாழ்ப்பாணத்திலா?" என்று சிரிப்பவர்கள் சிரியுங்கள். தெற்கில் தியகமவில் ஜப்பான்காரரின் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானமே இருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்கு இந்த விளையாட்டு வந்தது வேறு வழியில். போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்குத் தங்கச்சி குடும்பம் கனடாவில் ஸ்காபரோவில் இருந்து வந்தது. மருமகனுக்குப் பன்னிரண்டு வயது. பெட்டிக்குள் ஒரு கிளவுஸும் இரண்டு பந்தும் கொண்டு வந்திருந்தான். தேர் முடிவதற்குள் பக்கத்து வெறும் வளவில் எட்டுப் பெடியள் சேர்ந்துவிட்டார்கள். இடது பக்கப் பனைக்கு வெளியே போனால் ஃபவுல், கிணற்றுக் கட்டைத் தாண்டினால் ஹோம் ரன், கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. அவன் திரும்பிப் போகும்போது கிளவுஸை என் மகனிடம் விட்டுவிட்டுப் போனான். அன்று பிடித்த சனியன், இன்னும் விடவில்லை.

நான் பள்ளிக்கூடக் காலத்தில் விக்கெட் கீப்பர். அதனால் கையுறை பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்ற நினைப்பு இருந்தது. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. பேஸ்போல் அதைவிடக் கொஞ்சம் குறைவு, 142 முதல் 149 கிராம். கிரிக்கெட்டில் கீப்பரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்கையால்தான் பிடிக்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு தோல் மெத்தையா என்று நக்கலும் அடித்தேன். பிறகு கிளவுஸைப் போட்டுக்கொண்டு, கீப்பர் பழக்கத்தில் உள்ளங்கையை விரித்து வாங்கினேன். பந்து உள்ளங்கையில் பட்டுத் தெறித்து என் கீழுதட்டுக்கு வந்தது. "மாமா, அப்பிடிப் பிடிக்கக் கூடாது. இங்க பிடிக்க வேணும்" என்று பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த தோல் வலையைக் காட்டினான் மருமகன். பஞ்சு வைத்த கீப்பர் கையுறை அடியைத் தாங்கத்தான். இது பந்தைப் பொறி மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். பிடித்த அடுத்த கணம் மற்றக் கையால் எடுத்து எறிய வேண்டும். தொடக்கத்தில் அவர்களுடையதும் வெறும் மெத்தையாகத்தான் இருந்ததாம். 1919-20 அளவில் பில் டோக் என்ற செயின்ட் லூயிஸ் அணியின் பிட்ச்சர் (அடிப்பவனுக்குப் பந்து எறிபவர்), பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோல் நாடாவால் பின்னிய ஒரு கிளவுஸை ரோலிங்ஸ் கம்பனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்று போடும் எல்லாம் அதன் பிள்ளைகள்தான். பந்து போய் விழுகிற குழி எவ்வளவு ஆழம், வலை எப்படிப் பின்னியது, விரல் எவ்வளவு நீளம் என்பதில்தான் எல்லா வித்தியாசமும் கிடக்கிறது.

எட்டுப் பேருக்கு ஒரு கிளவுஸ் போதாது. மார்கழியில் வந்த கனடாப் பெட்டியில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே இரண்டு கிளவுஸ் வந்தது. இரண்டும் பிழை. இரண்டு பிழையும் என்னுடையதுதான்.

முதலாவது பிழை. தங்கச்சி தொலைபேசியில் கேட்டாள்:

"அண்ணா, வலக்கைக்கோ இடக்கைக்கோ?"

"வலக்கைப் பெடியன் தானே, வலக்கைக்கு எடு."

அவள் பாவம், கடையில் வலக்கைக்குள் போகிற கிளவுஸாகப் பார்த்து எடுத்துவிட்டாள். வலக்கையால் எறிபவன் கிளவுஸை இடக்கையில் போட வேண்டும், எறிகிற கை சும்மா இருக்க வேண்டும். யோசித்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நான் யோசிக்கவில்லை. அட்டையில் ஆர்.எச்.டி. என்று இருந்தால் வலக்கையால் எறிபவருக்கு, அதாவது இடக்கையில் போடுவது. எல்.எச்.டி. என்றால் மறுதலை. எங்கள் ஒழுங்கையில் ஒரு இடக்கைப் பெடியன் இருக்கிறான். அதுவரை மருமகனின் கிளவுஸைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, பெருவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரலை விட்டு விளையாடியவன். பெட்டியைப் பிரித்த அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பிழையை நான் திருத்தவில்லை.

இரண்டாவது பிழைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "பெடியன் வளருவான், கொஞ்சம் பெரிசா எடு" என்று சொன்னதும் நான்தான். வந்தது 13 அங்குலம். கிளவுஸ் அளவு என்பது கை அளவு அல்ல. சுட்டுவிரல் நுனியில் தொடங்கி, குழிக்குள்ளால் இறங்கி, மணிக்கட்டுப் பக்க விளிம்பு வரைக்கும் நாடா பிடித்தால் வருவது. அமெரிக்க மேஜர் லீக் விதியே 13 அங்குலத்துக்கு மேல் போக விடாது. ஆக, ஆறடி ஆம்பிளை போடக்கூடிய ஆகப் பெரிய அளவைப் பதினொரு வயது மகனுக்கு எடுப்பித்திருக்கிறேன். போதாததற்கு அது சொஃப்ட்போல் கிளவுஸ். சொஃப்ட்போல் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்போல் 9 அங்குலத்துக்குச் சற்று மேல். பெரிய பந்துக்கு வெட்டிய குழி.

மகன் நிற்பது செகண்ட் பேஸில், அடித்துவிட்டு ஓடுகிறவன் தொட வேண்டிய தளங்களில் இரண்டாவதன் பக்கத்தில். நிலத்தோடு உருண்டு வருகிற பந்தைக் குனிந்து எடுத்து, ஓடுகிறவன் எட்டுவதற்குள் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய வேண்டும். அவன் குனிந்தான், பந்து உள்ளே போனது, எல்லோரும் கத்தினோம். பிறகு பந்தைக் காணவில்லை. வலக்கையைக் கிளவுஸுக்குள் விட்டுத் துழாவுகிறான், அம்மம்மா கைப்பைக்குள் திறப்புத் தேடுகிற மாதிரி. பந்தின் தையல் கையில் படும்போது ஓடியவன் பேஸில் நின்று களைப்பாறிக்கொண்டிருந்தான். அடுத்த தரம் குனியும்போது கிளவுஸின் பாரத்தில் மணிக்கட்டு மடிந்து பந்து அடியால் போய்விட்டது. நாலு நாளில் "அப்பா, எனக்கு இது சரிவராது" என்றான். விளையாட்டையே சொல்கிறான் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். கிளவுஸைத்தான் சொல்லியிருக்கிறான்.

செகண்ட் பேஸுக்கும் ஷோர்ட்ஸ்டொப்புக்கும் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்பவர்) வளர்ந்தவர்களே 11¼ அல்லது 11½ அங்குலம்தான் போடுகிறார்கள். குழி ஆழமில்லாமல் இருக்க வேண்டும், கை போன உடனே பந்து விரலில் சிக்க வேண்டும். ஐ, எச் எழுத்து வடிவில் பின்னிய திறந்த வலை இங்கே நல்லது. தேர்ட் பேஸுக்கு அடி வேகமாக வரும், அங்கே அரை அங்குலம் கூடினாலும் குறையில்லை. பிட்ச்சர் 12 அங்குலம் வரை போடலாம். அவருக்கு முக்கியம் வலை மூடியிருப்பது. பந்தை எந்த விரலால் எப்படிப் பிடித்திருக்கிறார் என்று அடிக்க நிற்பவன் ஓட்டையால் பார்த்துவிடக் கூடாது. அவுட்ஃபீல்டில், அதாவது பேஸ்களுக்கு அப்பால், ஓடிப் போய் எட்டிப் பிடிப்பவனுக்குத்தான் 12½, 12¾ என்று நீளமும் ஆழமும் வேண்டும். அங்கே பந்தைத் துழாவ நேரம் இருக்கிறது. ஃபர்ஸ்ட் பேஸ்காரரின் மிட் வேறு சாதி. விரல் பிரிவே கிடையாது, மண் அள்ளுகிற கரண்டி மாதிரி, குத்தி வருகிற எறிகளை அள்ளி எடுக்க. அடிப்பவனுக்குப் பின்னால் இருந்து பிடிக்கிற கட்ச்சருடையதைச் சுற்றளவில் அளப்பார்கள், 32, 33 என்று. அது தலையணை, அந்த இடத்தில் நிற்பவரைத் தவிர வேறு யாரும் வாங்கத் தேவையில்லை.

இவை வளர்ந்தவர்களின் எண்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு 11 அங்குலம் போதும். ஒரு பேஸில் நிலையாக நிற்காமல் எங்கும் நிற்கிற பிள்ளை என்றாலும் 11½ ஐத் தாண்டாதீர்கள். இன்னொன்று, ஒரே அங்குலத்தில் பெரியவர் மொடலும் உண்டு, சிறுவர் மொடலும் உண்டு. சிறுவர் மொடலில் மணிக்கட்டு வாய் ஒடுக்கம், விரல் கூடும் மெல்லிசு. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் பிள்ளையின் கை உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடும்.

இனிக் காசுக் கதை. அங்கே பெரிய கடைகளில் வில்சன் ஏ2000, ரோலிங்ஸ் ஹார்ட் ஒஃப் த ஹைட் போன்றவை 300 கனடா டொலருக்கு மேலே போகின்றன. எங்கள் காசில் 60,000 ரூபாயைத் தாண்டும். நல்ல சாமான், மறுக்கவில்லை. 1950களில் இருந்தே தொழில்முறை ஆட்டக்காரர் கையில் இருக்கிற பெயர்கள். ஆனால் அந்தத் தடித்த எருதுத் தோல் பலகை மாதிரி இருக்கும். வளர்ந்த ஆள் கிழமைக்கணக்காகப் பந்து வாங்கி வாங்கித்தான் அது மடியும். பதினொரு வயதுக் கையால் அதைப் பொத்தவே முடியாது. மறுபக்கம், விளையாட்டுச் சாமான் கடை வாசலில் தொங்குகிற மலிவான பிளாஸ்டிக் தோல். அது முதல் நாளே மடியும், ஆனால் குழி என்று ஒன்று அதில் உருவாகவே உருவாகாது, இரண்டு மாதத்தில் தையல் விடும். உறவுக்காரர் பெட்டியில் போடுவது பெரும்பாலும் இதுதான்.

என்னைக் கேட்டால், உங்கள் காசு எவ்வளவாக இருந்தாலும் பாவித்த உண்மைத் தோல் கிளவுஸுக்குப் போங்கள். வேறு ஒரு பிள்ளை இரண்டு வருசம் விளையாடி, வளர்ந்து, கராஜுக்குள் எறிந்துவிட்டுப் போனது. மடிகிற வேலையை அந்தப் பிள்ளையே முடித்துத் தந்திருக்கிறது. மகனுக்கு இப்போது இருப்பது அப்படி ஒன்றுதான், 11 அங்குல மிசுனோ, பழைய சாமான் கடையில் தங்கச்சி 15 டொலருக்கு எடுத்தது. உள்ளே வேறு யாரோ பெயரை மார்க்கரால் எழுதியிருக்கிறார்கள். பழசு வாங்கும்போது கையை உள்ளே விட்டு உள்துணி கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தோல் வெடித்திருந்தால் வேண்டாம். நாடா அறுந்திருந்தால் பரவாயில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது எந்த மிருகத்தின்ர காலுக்கு?" என்று கேட்டார். ஆனால் பின்னலைப் பார்த்துப் பார்த்து அப்படியே புது நாடா போட்டுத் தந்துவிட்டார்.

எங்கள் ஊர்க் காலநிலைக்கு ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். எதற்கும் தேங்காய் எண்ணெய் என்று வளர்ந்த சனம் நாங்கள், நானும் அந்தச் சொஃப்ட்போல் கிளவுஸுக்கு ஒரு கை அள்ளிப் பூசினேன். தோல் அதைக் குடித்துப் பாரமாகித் தொங்கிவிட்டது, ஒரு காறல் மணம் வேறு. தோலுக்கென்று விற்கிற கிறீம் துளியளவு போதும், அதுவும் காய்ந்த இடத்துக்கு மட்டும். மாரி மழையில் நனைந்தால் வெயிலில் காய வைக்காதீர்கள், வெடிக்கும். அலுமாரிக்குள்ளும் பூட்டி வைக்காதீர்கள், ஒரு கிழமையில் பூஞ்சணம் பூத்துவிடும். துடைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரவில் குழிக்குள் ஒரு பந்தை வைத்து, பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டிவிட்டால் வடிவம் நிற்கும். அந்த டியூப் யோசனை பெடியளுடையது.

மட்டையால் அடித்து ஓடுகிற எங்கள் நாட்டு எல்லே இருக்க இதெல்லாம் எதற்கு என்று ஒரு ஆசிரிய நண்பர் கேட்டார். எல்லே நல்ல விளையாட்டு, டென்னிஸ் பந்து, கிளவுஸே தேவையில்லை. பெடியள் இரண்டையும் விளையாடுகிறார்கள். அவருக்கு அதற்கு மேல் நான் பதில் சொல்லவில்லை.

இப்போது கையில் நாலு இருக்கிறது. கனடாவில், இங்கிலாந்தில் இருக்கிற சொந்தங்கள் யாருடைய கராஜிலாவது பிள்ளை விட்டெறிந்த கிளவுஸ் கிடந்தால், பெட்டியில் போடும் முன் உள்பக்கத்தையும் பெருவிரல் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்திலோ சுண்டுவிரலிலோ அங்குலம் அச்சடித்திருக்கும். அவசரம் ஒரு கட்ச்சர் மிட்டுக்குத்தான், சிறுவர் அளவு, 32 சுற்றளவுக்கு மேல் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் நிற்கிற பெடியன் என்னுடைய பழைய கீப்பர் கையுறையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுக்கும் அது இரண்டு அளவு பெரிசு.