புகை அடங்கினால் புகைபோக்கியை மூடலாமா?

“விறகடுப்பில் புகை அடங்கித் தணலானதும் புகைபோக்கியை மூடிவிடுங்கள், சூடு வீணாகாது, ஆபத்தும் இல்லை” என்ற வாட்ஸ்அப் செய்தி கொழும்பில் பலரது கைபேசிகளில் சுற்றுகிறது. இது தவறு.

தணலில் இருந்துதான் கார்பன் மோனொக்சைட்டு என்ற நச்சு வாயு அதிகம் வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமல் வராது. அதனால்தான் இந்த அறிவுரை எனக்கு இவ்வளவு அச்சம் தருகிறது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைகிறது; உடலுக்கு ஒட்சிசன் போதாமல் போகிறது. தலைவலி, குமட்டல், மயக்கம். உறங்குபவருக்கு அவைகூடத் தெரியாமல் போகலாம்.

2022 எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது வாங்கிய அடுப்புகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான இடங்களில் சமையலறைக்குக் காற்றோட்டமே குறைவு. கடைசித் தணலும் அணைந்து சாம்பல் குளிரும்வரை புகைபோக்கி திறந்தே இருக்க வேண்டும். குழாய் கூரைக்கு மேலே எழும்ப வேண்டும். பக்கத்து வீட்டு யன்னலை நோக்கித் திருப்பக் கூடாது. படியும் கரியையும் அவ்வப்போது துப்புரவாக்குங்கள், அது தீப்பிடிக்கும்.

வீட்டினுள் விறகு எரிப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டல்களை அதன் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தத்தையும் இடுங்கள். அடுப்பருகே யாருக்காவது தலைசுற்றினால் உடனே வெளியே கொண்டுவந்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.