பொட்டலம் கொடுத்துவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்கள் முதியோர் இல்லங்களுக்கு இனிப்பும் மளிகைப் பொட்டலமும் கொண்டுபோகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் முதியவர்களில் ஒருபாலீர்ப்பு கொண்டவர்களும் திருநங்கைகளும் இருக்கிறார்கள். இல்லத்துக்குள் வந்தபின் பழைய வாழ்க்கையை வாய் திறந்து சொல்ல முடியாமல் இருப்பவர்கள். அவர்களுக்கு வாராவாரம் வந்து உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

சட்டம்தான் எல்லாம் கொடுத்துவிட்டதே என்பார்கள். உண்மைதான், 1996 அரசியலமைப்பிலேயே தென்னாப்பிரிக்கா பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. சரி, 1950-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 1998-ல் ரத்து செய்தபோது அவருக்கு 48 வயது. 2006-ல் திருமண உரிமை வந்தபோது 56. அதற்குள் வாழ்க்கையின் பெரும்பகுதியை ஒளித்தே வாழ்ந்து முடித்திருப்பார். கூடவே இருந்தவரை ஊருக்கு 'சிநேகிதன்' என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்தச் சிநேகிதன் இறந்துபோனால்? பதினாறாம் நாள் காரியத்தை அண்ணன் பிள்ளைகள் செய்வார்கள். முப்பது நாற்பது வருடம் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டவர் பந்தலின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி நிற்பார். அவரிடம் துக்கம் விசாரிக்க யாருக்கும் தோன்றாது. இதைவிடக் கொடிய தனிமை எனக்குத் தெரியவில்லை. இறந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி அழ, பக்கத்தில் ஒருவராவது வேண்டாமா?

நியூயார்க்கில் 1978-ல் தொடங்கிய சேஜ் என்ற அமைப்பு, தன்னார்வலர்களை இப்படிப்பட்ட முதியவர்களின் வீட்டுக்கு அனுப்பிப் பழக வைத்தது. பெரிய பணமெல்லாம் தேவைப்படாத வேலை இது. ஆள்தான் வேண்டும். அதே ஆள், அதே கிழமை, அதே நேரம். "எத்தனை பிள்ளைங்க தாத்தா?" என்று ஆரம்பிக்காமல், "இளவயசில் எங்கே இருந்தீங்க?" என்று கேட்கத் தெரிந்தவர். கேட்டதைத் தெருவில் சொல்லாதவர். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது ரொம்பத் தப்பு. முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்ய வேண்டும். பரிதாபப்படவோ திருத்தவோ வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

நம் இளைஞர்களில் ஒருபாலீர்ப்பு கொண்டவர்கள், திருநர் போன்ற பால்புதுமையினர் பலர் இதற்கு முன்வருவார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கும் நரைத்த தலையோடு தங்களைப் போல ஒருவரைப் பார்க்கக் கிடைப்பதில்லையே. கோவில் கமிட்டிகளில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். யாரைப் பார்க்க யார் போவது என்பதை மட்டும் அந்த முதியவரின் சம்மதம் கேட்டு முடிவு செய்யுங்கள்.