எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் வேண்டும்

போன மாதம் அம்மாவின் சங்கிலி அறுந்துவிட்டது. பற்றவைக்கக் கொண்டுபோன இடத்தில் கொக்கியை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். 750 என்று அடித்திருந்தது. ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம், அதாவது 18 கேரட். அம்மா இத்தனை வருடமாக நம்பியிருந்தது அந்த எண்ணைத்தான். பிறகு சங்கிலியின் ஒரு கண்ணியை உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டார்கள். கோடு நம் கண்முன்னாலேயே கரைந்து போனது. கொக்கி 18 கேரட்தான், அதில் சந்தேகமில்லை. சங்கிலி அதன் கிட்டத்தில்கூட வரவில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. யாரைப் போய்க் கேட்பது? விற்ற கடை இன்று இல்லை, ரசீதும் இல்லை. செய்தவர் யார் என்பதற்குக் கொக்கியில் ஒரு எழுத்தோ ஒரு சின்னமோ கிடையாது. 750 என்ற மூன்று இலக்கம் மட்டும். அதை அடித்த கை யாருடையது என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து தர முத்திரைச் சட்டங்களைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது. நகையில் இருக்கும் எண் நம்மைக் காப்பாற்றுவதில்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதுதான் காப்பாற்றும். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் எதுவானாலும் இதேதான்.

ஏன் இந்தப் பொருட்களுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். துணி வாங்கினால் தொட்டுப் பார்க்கலாம். அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம். தங்கத்தில் செம்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கண்ணாலோ கையாலோ கண்டுபிடிக்க முடியாது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் வாய் நிறையச் சொல்கிறோம். அந்த மாற்றைப் பார்ப்பதற்கு உரைகல்லும் பழகிய கண்ணும் வேண்டியிருந்தது. வாங்குகிறவர் கையில் இரண்டும் இருந்ததில்லை. விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற இந்த ஏற்றத்தாழ்வுதான் எல்லா முத்திரைச் சட்டங்களுக்கும் வேர்.

இது புதிய கவலையும் இல்லை. பைசாந்தியப் பேரரசில், பேரரசர் அனஸ்தாசியஸ் காலத்திலிருந்து, அதாவது சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, வெள்ளிப் பாத்திரங்களின் அடியில் அரசு முத்திரைகளை வரிசையாக அடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டின் சட்டம் வந்தது. வெள்ளிப் பொருள் நாணய வெள்ளியின் தரத்துக்குக் குறையக்கூடாது, பட்டறையை விட்டு வெளியே போகும் முன் பொற்கொல்லர் தொழிலின் கண்காணிப்பாளர்கள் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை அடிக்க வேண்டும் என்றது அது. ஸ்டெர்லிங் என்று நாம் சொல்லும் 925, அதாவது ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, அதே தரம்தான்.

அந்தச் சட்டம் நின்ற இடத்தைப் பாருங்கள். சிறுத்தைத் தலை, தரத்தைச் சொன்னது. செய்தவர் யார் என்பதைச் சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைக்க அவர்களுக்கு 63 ஆண்டுகள் பிடித்தன. 1363இல்தான் ஒவ்வொரு கைவினைஞரும் தனக்கென ஒரு குறி வைத்துக்கொண்டு அதைப் பொருளில் அடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. பிறகு 1478இல் லண்டனில் ஆண்டுக்கு ஒரு எழுத்து சேர்ந்தது. எந்த ஆண்டு, யாருடைய பொறுப்பில் சோதிக்கப்பட்டது என்பதையும் அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கு, அதாவது ஹாலுக்கு, பொருளைக் கொண்டுவந்து அடித்த முத்திரை என்பதால்தான் ஹால்மார்க் என்ற பெயரே வந்தது. செய்தவருக்கு ஒரு குறி, சோதித்தவருக்கு ஒரு குறி. தவறு நடந்தால் இருவரில் யார் என்று பிடிக்க முடியும். சட்டம் இயற்றியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

அம்மாவின் சங்கிலிக்கு நேர்ந்ததும் புதிதில்லை. இங்கிலாந்தில் 1720இல் வெள்ளிப் பொருட்களுக்கு எடைக்கு ஏற்ற வரி வந்தது. உடனே சில கைவினைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சின்னப் பொருள் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி, குறைந்த வரியோடு முத்திரை வாங்கிக்கொள்வார்கள். முத்திரை இருக்கும் துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தில் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். முத்திரை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அது பேசுவது அந்தப் பாத்திரத்தைப் பற்றி அல்ல. அவர்கள் ஏய்த்தது வரியை. இன்றைக்கு நல்ல கொக்கியை மட்டமான சங்கிலியில் கோக்கிறவர்கள் ஏய்ப்பது வாங்குகிற ஆளை.

இதைத் தடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பிரிட்டனின் 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டப்படி, முத்திரையிட்ட பொருளில் சோதனை அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எதையும் சேர்ப்பதும் மாற்றுவதும் குற்றம். முத்திரை என்பது ஒரு முழுப் பொருளைப் பற்றிய சாட்சி என்று அந்தச் சட்டம் நினைக்கிறது. இந்த நினைப்பு எல்லா நாட்டுச் சட்டத்திலும் இருக்க வேண்டும் என்பேன்.

பற்றவைப்புப் பொடியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு துண்டுகளை இணைக்கிற பொடி, துண்டுகளைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். அதனால் பெரும்பாலும் அதில் தங்கம் குறைவாக இருக்கும். நுணுக்கமான வேலைப்பாடு என்றால் இணைப்புகள் அதிகம், பொடியும் அதிகம். முழு நகையையும் உருக்கிப் பார்த்தால் எண் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு இறங்கலாம் என்பதில்தான் சட்டத்தின் நேர்மை தெரிகிறது. அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் பற்றவைப்பு இல்லாத தங்கத்திலேயே அரை கேரட் குறைவை ஏற்றுக்கொண்டது. பற்றவைப்போடு சேர்த்து உருக்கினால் ஒரு கேரட் வரை குறையலாம். 14 கேரட் என்று அடித்துவிட்டு 13 கேரட் கொடுத்தாலும் சட்டம் கேட்காது! அங்கே எல்லோரும் அந்த எல்லையை ஒட்டியே செய்ய ஆரம்பித்தால், ஒழுங்காக 14 கேரட் போடுகிறவர் நஷ்டப்படுவார். சட்டமே கொடுத்த பொய் அது. 1976இல் திருத்தினார்கள், 1981இல் அமலுக்கு வந்தது. இப்போது பற்றவைப்பு இல்லாமல் ஆயிரத்துக்கு 3 பங்கு, பற்றவைப்போடு 7 பங்கு, அவ்வளவுதான் குறையலாம். பிரிட்டனில் இந்தச் சலுகையும் இல்லை. அடித்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. என் மனம் பிரிட்டன் பக்கம்தான்.

உலகத்தில் இருக்கும் சட்டங்களைப் பார்த்தால் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, விற்பதற்கு முன்பே வேறொருவர் சோதித்து முத்திரை அடிப்பது. பிரிட்டனில் அப்படித்தான். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு ரோஜா, எடின்பரோவுக்குக் கோட்டை. பிரான்சில் 18 கேரட்டுக்குக் கழுகுத் தலை. சுவிட்சர்லாந்தில் கைக்கடிகாரத்தின் தங்கக் கூட்டில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. 1972இல் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குத் தராசுச் சின்னம் கொண்ட பொது முத்திரையே இருக்கிறது. ஒரு நாட்டில் சோதித்ததை இன்னொரு நாட்டில் திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பது. அரசு சோதிப்பதில்லை. எண் அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் எண் அடித்தால் பக்கத்திலேயே வணிகக் குறியும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த விதி 1961இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் 55 ஆண்டுகள் அங்கேயும் அனாதை எண்கள்தான். பேச்சைக் கொடுத்தால் பெயரையும் கொடு என்கிற இந்த ஒற்றை விதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இந்த வழியில் பெரிய குறை ஒன்று உண்டு. ஏமாந்த பிறகு, ஏமாந்தது தெரிந்த பிறகுதான் சட்டம் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஏமாந்தது பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை. சங்கிலி அறுந்திராவிட்டால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

முன்கூட்டிச் சோதிப்பது நல்லதுதான், ஆனால் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். எக்ஸ்ரே கருவி நகையைச் சேதப்படுத்தாது, நொடியில் எண் சொல்லிவிடும். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கிறது. கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமின் கணக்கைச் சொல்லும். தீர்மானமான சோதனை நெருப்புதான். நகையில் சிறிது சுரண்டியெடுத்து, கொஞ்சம் வெள்ளி சேர்த்து, ஈயத்தோடு எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூளையில் உருக்குகிறார்கள். ஈயமும் செம்பும் மற்ற மட்ட உலோகங்களும் எரிந்து கிண்ணத்துக்குள் ஊறிவிடும். தங்கமும் வெள்ளியும் மட்டும் ஒரு மணியாகத் திரண்டு நிற்கும். அந்த மணியைத் தட்டிச் சப்பையாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துபோகும். மிச்சத்தை எடை போட்டால் அதுதான் கணக்கு. புடம் போட்ட தங்கம் என்று சும்மாவா சொன்னார்கள்.

முலாம் பூசிய பொருட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது அங்கேதான். இபிஎன்எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தனித்தனிக் கட்டத்துக்குள் அடித்திருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் அப்படியே ஹால்மார்க் போலவே இருக்கும். அந்த நான்கு எழுத்தின் பொருள், நிக்கல் வெள்ளி எனப்படும் உலோகத்தின் மேல் மின்முலாம் பூசியது என்பது. நிக்கல் வெள்ளி, ஜெர்மன் வெள்ளி இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பெயரில்தான் வெள்ளி, உலோகத்தில் பொட்டு வெள்ளி கிடையாது. அசல் முத்திரையைப் போல் தோற்றம் காட்டுவதே குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எழுத்துகளின் பொருள் பொய்யில்லை என்று வாதாடி யாரும் தப்பக்கூடாது.

இந்தியாவின் விதிகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன். 2021 ஜூன் மாதம் முதல் படிப்படியாகத் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமானது. ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளக் குறியீடு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது என்றாயிற்று. இது பெரிய முன்னேற்றம். ஒரே முத்திரையை ஆயிரம் நகைகளில் அடித்த காலம் போய், ஒரு நகைக்கு ஒரு குறியீடு. தரம் குறைந்திருந்தால், குறைந்த அளவின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இழப்பீட்டை இப்படிக் கணக்காகச் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒரே ஒரு மனக்குறை. பழைய முறையில் நகையிலேயே விற்பவரின் குறியும் சோதனை மையத்தின் குறியும் இருந்தன. இப்போது நகையில் இருப்பது பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் சின்னம், தரம், குறியீடு என மூன்றுதான். விற்றவர் யார், சோதித்தவர் யார் என்பது அந்த நிறுவனத்தின் கைபேசிச் செயலியில் குறியீட்டைப் போட்டால் தெரியும். சரி, இன்றைக்குத் தெரியும். நகை 50 வருடம், 80 வருடம் கை மாறிக்கொண்டே இருக்கும் பொருள். அன்றைக்கு அந்தச் செயலி இருக்குமா? 1363இல் தொடங்கிய குறிகளை இன்றும் லென்ஸ் வைத்துப் படிக்க முடிகிறதென்றால் காரணம் அவை உலோகத்திலேயே இருப்பதுதான். குறியீடும் இருக்கட்டும், பெயருக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுங்கள்.

அடுத்தது விலக்கு எடை. பிரிட்டனில் 1 கிராமுக்குக் குறைந்த தங்கத்துக்கும் 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கும் ஹால்மார்க் கட்டாயமில்லை. இந்தியாவில் 2 கிராமுக்குக் குறைந்த தங்க நகைக்கு விலக்கு. முத்திரை அடிக்க இடமிருக்காது, செலவு கட்டுப்படியாகாது என்று காரணம் சொல்கிறார்கள். இடமில்லை என்பது உளி வைத்து அடித்த காலத்துக்குப் பொருந்தும். இன்று லேசர் இருக்கிறது. ஒன்றரை கிராம் தோடு வாங்குகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் சிறுகச் சேர்த்து வாங்குகிறவர். அவருக்கு அந்தத் தோடுதான் மொத்தச் சேமிப்பு. சோதித்துப் பார்க்க வசதியோ, ஏமாந்தால் வழக்குப் போட ஆளோ இல்லாதவரை விட்டுவிட்டு, கனமாக வாங்குகிறவரைச் சட்டம் காப்பாற்றுகிறது. பொருளுக்குப் பொருள் அடிக்க முடியாவிட்டால் ரசீதிலாவது கேரட்டையும் எடையையும் செய்தவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுவதைக் கட்டாயமாக்கலாம். இதற்கு ஒரு செலவும் இல்லை.

சங்கிலியைக் கொடுத்துவிட்டோம், உள்ள தங்கத்துக்கு உள்ள காசு வந்தது. கொக்கியை மட்டும் கழற்றி நான் வைத்துக்கொண்டேன். 750 என்ற எண் தெளிவாக, நல்ல அச்சில் விழுந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில், ஒரு குறி அடிப்பதற்குப் போதுமான இடம் வெறுமையாக இருக்கிறது.