கண்மாய்க் கரையை எட்டு வைத்து அளந்த பிள்ளைகள்

மகளைப் பெரிய பள்ளியிலிருந்து எடுத்து, மதுரைக்கு வெளியே ஒரு சின்னத் தனியார் பள்ளியில் சேர்த்து இரண்டு வருடம் ஆகிறது. மொத்தமே 84 பிள்ளைகள், 9 ஆசிரியர்கள். "எப்படி இருக்கு அந்த ஸ்கூல்? வெளியிலயே பாடம் நடத்துறாங்களாமே?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை ஏக்கர் என்று. பழைய பள்ளியில் இடத்துக்குக் குறைவே கிடையாது. காய்கறித் தோட்டம்கூட உண்டு, சுற்றிக் கம்பி வேலியும் 'தொடாதீர்கள்' பலகையும் போட்டு. மாதம் ஒரு பீரியட் இயற்கையைப் பார்க்க அழைத்துப் போவார்கள். வரிசையாகப் போய், போட்டோவுக்கு நின்று, இருபது நிமிடத்தில் வரிசையாகத் திரும்பி வருவார்கள். சாயங்காலம் போட்டோ வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அங்கே படித்த மூன்று வருடத்தில் என் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மரத்தைப் பற்றியும் பேசியதில்லை.

இந்தப் பள்ளிக்குச் சொந்தமாக இருப்பது ஒரு வேப்பமரத்தடியும் கொஞ்சம் கட்டாந்தரையும்தான். ஆனால் பக்கத்தில் ஊர்க் கண்மாய் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, நான்காம் வகுப்புக்கு ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். (பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை, அக்காதான்.) ஒரு நாள் கண்மாய்க் கரையில் கலுங்கிலிருந்து (மிகுந்த தண்ணீர் வழிந்து போகும் இடம்) மடை வரைக்கும் (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் இடம்) எட்டு வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறார். ஒருவனுக்கு 410 வந்தது. என் மகளுக்கு 466. வகுப்பிலேயே குட்டைப் பெண்ணுக்கு 530. நீ தப்பா எண்ணிட்ட, நீதான் தப்பு என்று ஒரே சண்டை. அக்கா ரொம்ப சீரியஸாக, "ஒருவேளை நடுவுல கரை வளர்ந்துருச்சோ?" என்று கேட்டாராம். மறுபடி போய் அளந்திருக்கிறார்கள். கடைசியில் அந்தக் குட்டைப் பெண்தான் சொன்னாளாம், "அக்கா, என் காலு சின்னது." அதற்கு அப்புறம்தான் பையிலிருந்து மீட்டர் டேப் வெளியே வந்தது. மீட்டர் என்று ஒன்று எதற்கு வேண்டும் என்பதை நான் பத்தாம் வகுப்பு வரை யோசித்ததே இல்லை. அன்று ராத்திரி வீட்டு வராண்டாவை நானும் அவளும் மாறி மாறி எட்டு வைத்து அளந்தோம்.

பார்ப்பவர்களுக்கு இது ஜாலியாக ஊர் சுற்றுவது போலத் தெரியும். போன ஜனவரியில் அரிட்டாபட்டிக்கு அழைத்துப் போனார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போய், மேலூர்ப் பக்கம் மக்கள் திரண்டு, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதே, அதே ஊர்தான். அங்கே குகையில் இரண்டாயிரம் வருடத்துக்கும் பழைய தமிழிக் கல்வெட்டு (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள், தமிழின் பழைய எழுத்து) இருக்கிறது. போவதற்கு இரண்டு வாரம் முன்பே அக்கா எழுத்துகளைப் பழக்கிவிட்டார். கூட்டல் குறி மாதிரி இருந்தால் அது 'க'. பாறையில் ஒரு கூட்டல் குறியைக் கண்டதும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில், மேலே உட்கார்ந்திருந்த ராஜாளியோ வல்லூறோ எதுவோ ஒன்று பறந்தே போய்விட்டதாம்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் ஸ்கூட்டரில் தனியாக அங்கே போய் வந்திருக்கிறார். எங்கே தேன்கூடு இருக்கிறது, எந்தப் பாறை வழுக்கும், கழிப்பறைக்கு யார் வீட்டைக் கேட்கலாம் என்றெல்லாம் பார்த்து வைக்க. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் வெளியே நடக்கும் பாடத்துக்குப் பின்னால் இப்படி யாரோ ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

என் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "பிள்ளைய வெயில்ல அலையவிடுறதுக்கு ஃபீஸ் வேறயா?" என்பார். அம்மாவுக்கு நான் சீனக் கதை ஒன்று சொல்வேன். குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. ஆய்வு 2015இல் வெளியானது. அம்மா கேட்டுக்கொள்வார். அப்புறம், "தொப்பியாவது போட்டு அனுப்பு" என்பார்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் குத்தும். "இதெல்லாம் காசு இருக்கிறவங்க விளையாட்டுதானே?" ஓரளவு உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பழைய கதை இருக்கிறது. டேவிட் ஹார்ஸ்பரோ என்ற இங்கிலாந்துக்காரர், ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், 1972இல் கோலார் பக்கம் கிராமத்துப் பிள்ளைகளுக்காக நீல்பாக் என்று ஒரு குட்டிப் பள்ளி தொடங்கினார். பரீட்சை கிடையாது. தச்சு, மண்பாண்டம், தையல், தோட்டம் எல்லாம் பாடம். 1984இல் அவர் இறந்துவிட்டார். அவரிடம் பயிற்சி பெற்ற பத்மநாப ராவும் ரமாவும் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த கிராமப் பள்ளிகளுக்காக, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கப் பாட அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படியும் உருவாக்கினார்கள். 2003இல் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து அதே முறையை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007 வாக்கில் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப்பந்தலும் பிள்ளைகளுக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையுமாக இருந்த அந்த வகுப்பறையில் படித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். போகப் போக அது பல இடங்களில் சடங்காகிப் போனது வேறு கதை.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பெற்றோர் கூட்டம். வருடத்துக்கு 3,000 ரூபாய் கட்டணம் கூட்ட வேண்டும், ஆசிரியர் சம்பளத்துக்காக, என்றார்கள். எதிர்ப்புத் தெரிவித்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். "ஆர்வத்தோட வர்றவங்கதானே சார் இங்க டீச்சர்ஸ்" என்று வேறு பேசினேன். வெளியே வந்தபோதுதான் இன்னொரு அப்பா சொன்னார், அந்த அக்காவின் சம்பளம் மாதம் 14,000. ஸ்கூட்டருக்கு பெட்ரோலும் அதிலேதான். ஊருக்குள் ஒரு பெரிய பள்ளி இரண்டு மடங்கு தருவதாகக் கூப்பிட்டிருக்கிறதாம்.

அவருடைய ஆர்வத்தைக் காட்டித்தான் நான் பேரம் பேசியிருக்கிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் யாராவது என்னிடம் அப்படிப் பேசியிருந்தால் சும்மா இருந்திருப்பேனா?

வருகிற சனிக்கிழமை மறுபடி கூட்டம். இந்த முறை எதற்குக் கை தூக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கண்மாய்க்குத் துணைக்குப் போக இரண்டு பெற்றோர் வேண்டும் என்று குழுவில் அக்கா கேட்டிருந்தார். பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கும் ஒரு தொப்பி வாங்க வேண்டும்.