புதுசு இல்லை தம்பி

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சிறுகதையைப் படமாக எடுத்துத் திரையிட்ட விழாவில் நடந்ததைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

"வாரம் ஒரு சிறுகதையைத் திரையில் சொல்வது முற்றிலும் புது முயற்சி. பழைய டிவி நாடகமெல்லாம் நாலு சுவருக்குள் வசனம் பேசினதுதானே" என்றார் அந்தப் படத்தை எடுத்த இளம் இயக்குநர். அரங்கமே கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

புதுசு இல்லை தம்பி. 1949 ஜனவரியில் அமெரிக்காவில் முதல் எம்மி விருது விழா நடந்தது. தொலைக்காட்சிக்காக எடுத்த சிறந்த படம் என்று அன்று விருது வாங்கியது பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதை. ‘யுவர் ஷோ டைம்’ என்ற தொடரில் அரைமணி நேரப் படமாக வந்தது. வாராவாரம் ஒரு புத்தகக் கடைக்காரர் வந்து கதையை அறிமுகம் செய்வார். பார்க்கிறவர்களிடம், இது ஒருவர் எழுதிய கதை என்று முதலிலேயே சொல்லிவிடுகிற ஏற்பாடு அது. நம் மலேசியாவுக்கு டிவி வந்ததே 1963 டிசம்பர் 28-இல்தான். அதற்குக் கிட்டத்தட்ட பதினைந்து வருடம் முன்பே சிறுகதை டிவிக்குள் போய்விட்டது.

அப்புறம் அந்த நாலு சுவர். 1986-இல் கன்னட இயக்குநர் சங்கர் நாக் இந்தியாவின் தூர்தர்ஷனுக்காக ஆர்.கே. நாராயண் கதைகளை ‘மால்குடி டேஸ்’ என்று எடுத்தபோது, ஆகும்பே என்கிற மலைக்கிராமத்தையே, கதைகளில் வரும் கற்பனை ஊரான மால்குடியாக மாற்றினார். அங்கே சுவரைத் தேடிப் பாருங்கள். சன் டிவியில் பாலு மகேந்திரா ‘கதை நேரம்’ என்று 52 கதைகள் எடுத்தார். சின்ன வீடு, ரெண்டு மூணு பேர், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம். அவ்வளவுதான் கையில் இருந்தது. கதையை நம்பினார்கள்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா செந்தூலில் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க டிவி முன்னால்தான் இருப்பார், ஆனால் எதையும் பார்க்கமாட்டார். ஒருநாள் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் வாங்கி வந்த ‘மால்குடி டேஸ்’ டிஸ்கைப் போட்டேன். தபால்காரர் தானப்பாவின் கதை வந்தது. ஒரு வீட்டுக்கு வந்த சாவுச் செய்தியை, அந்த வீட்டுக் கல்யாணம் தடைபடக் கூடாதென்று கொடுக்காமல் வைத்திருப்பார். பேச்சு இந்தி. அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். முடியும்போது கையிலிருந்த டீ ஆறி ஏடு படிந்திருந்தது.

"நானும் ஒண்ணு வச்சிருந்தேன்" என்றார்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் பரிசம் போட்டுக்கொண்டிருந்த வீடு. அங்கே கொடுக்க வேண்டிய சாவுத் தந்தியை ஒரு ராத்திரி முழுக்கப் பையிலேயே வைத்திருந்து, காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். முப்பது வருடமாக அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் கதைதான் அப்பாவைப் பேசவைத்தது. அதைப் போய் வெறும் வசனம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

"அக்கா, இளைஞர்களை ஊக்கப்படுத்தாமல் குறை சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். நான் டிக்கெட் வாங்கித்தான் போனேன். ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். "இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேகம் சரிப்படாது" என்பீர்கள். சரி, இருக்கலாம். வேகமாகவே எடுங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் யாருமே இல்லை என்று மேடையில் நின்று சொல்லாதீர்கள். காசு இல்லாமல், வசதி இல்லாமல் செய்தவர்கள் இருந்தார்கள். கதையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்கினார்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம் அந்தப் பேச்சோடு நிற்கவில்லை. அன்று திரையிட்டது நம் மலேசிய எழுத்தாளர் ஒருவரின் சிறுகதை. அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. படத்தின் தொடக்கத்தில் இல்லை. கடைசியில் ஓடிய எழுத்துகளுக்கு நடுவே ஒரு நொடி வந்து போனது, அதுவும் எழுத்துப் பிழையோடு. ஒளிப்பதிவாளருக்குப் பொன்னாடை, ஒப்பனைக்காரருக்குப் பொன்னாடை, இடம் கொடுத்தவருக்கும் பொன்னாடை. கதை எழுதியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

வெளியே வரும்போது போய்ப் பேசினேன். "சார், உங்க கதைதானே?"

"ஆமாம்மா. பிள்ளைங்க நல்லா எடுத்திருக்காங்க" என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே, அந்தக் கதை வந்த பழைய ஞாயிறு மலரின் பக்கம், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று கொண்டு வந்திருக்கிறார். நான் அங்கேயே நின்று முழுக்கப் படித்தேன். படத்தில் வராத ஒரு பத்தி அதில் இருக்கிறது. அந்தப் பத்திதான் கதை.

அடுத்த திரையிடல் கிள்ளானில் என்று அறிவித்திருக்கிறீர்கள் தம்பி. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, படத்தின் முதலில் போடுங்கள். அவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். நான் மறுபடியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன்.